ஊரிலிருந்து வந்த பசு

பிழைப்பின்பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு அயல் மண்ணில் குடியேறியவர்களுக்கு, ஊரிலிருந்து வரும் எந்தப் பொருளும் தனி இன்பம் தருவது. அது கருப்பட்டியாயினும் சரி, ஒரு மூட்டை அரிசியாயினும் சரி, ‘ஊரிலிருந்து வந்தது’ என்ற ஒரு சொல்லே அதன் மதிப்பை உயர்த்திவிடும். அப்பொருளை நாம் ஐயுறுவதில்லை, ஆராய்வதும் இல்லை. இம்மாதம் நாம் எழுதப் புகுவது அவ்வாறு வந்த ஒரு பசுவைப் பற்றி. நம் குற்றம் ஒன்றும் இதில் கலந்திருத்தலின், இதனை எழுத நெடுநாள் தயங்கினோம். அன்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். நம் அன்பர் ஒருவர் சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்பவர். நேமத்துக்கு அப்பால் குடியிருப்பவர். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. ‘பிள்ளை பெற்றவளுக்கு வீட்டுப் பால் வேண்டும்’ என்று வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய தமையனார் ஒரு கறவைப் பசுவைக் கன்றுடன் சிறு லாரியில் ஏற்றி அனுப்பினார். பசு இரவில் வந்து இறங்கியது. அடுத்த வீட்டு அம்மையார் மலையாளத்தவர், கணவரை இழந்தவர், இரண்டு மாடும் ஒரு கிடாரிக் கன்றுமே அவருடைய வாழ்வு. அவர்தாம் அந்த இரவில் விளக்கு எடுத்து வந்தார், தம் வீட்டு வைக்கோலைப் போட்டார், கழுநீர் காட்டினார்.

ஆறாம் நாள் பசு தீனி எடுக்கவில்லை. உடம்பு கொதித்தது, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. எட்டாம் நாள் கழுத்திலும் விலாவிலும் மடியிலும் நெல்லிக்காய் அளவில் கழலைகள் எழும்பின. வீட்டுக்குப் பெரியவரான ஆச்சி, ‘அம்மை பார்த்திருக்கிறது’ என்றார். தொழுவத்தின் வாயிலில் வேப்பிலை செருகப்பட்டது. மஞ்சள் நீர் தெளிக்கப்பட்டது. அயலார் உள்ளே வரலாகாது என்று தடுக்கப்பட்டது. மருத்துவரை அழைத்தால் செய்தி பரவும், மீதிப் பாலைச் சங்கத்தில் ஊற்ற முடியாமற்போகும் என்ற கவலையும் கூடவே இருந்தது. ஆதலின் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரத்தில்தான் குழந்தையைப் பார்க்க நாம் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தோம். வேப்பிலையைக் கண்டோம். பசுவின் கழுத்தையும் கண்டோம். செய்தித்தாளில் அதே போன்ற மாடுகளின் படங்களை அதற்கு முன்பே பார்த்திருந்தோம். ஆயினும், பேறு பார்க்கச் சென்ற வீட்டில் குறை பேசலாகாது என்று வாய் திறவாமல் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

இரண்டு வாரம் சென்றது. அடுத்த வீட்டுக் கிடாரிக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு அதே கழலைகள். ஐந்தாம் நாள் அது படுத்தது, பின்னர் எழவில்லை. நம் அன்பருடைய பசு பிழைத்துக்கொண்டது. ஆனால் பால் வற்றிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்குக் கடைப் பாலே வாங்க நேர்ந்தது. அந்த அம்மையார் சண்டையிடவில்லை, சாபமிடவில்லை. வேலியருகே நின்று, ‘ஒரு வாக்கு பறயாமாயிருந்நில்லே?’ என்று மட்டும் கேட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாகாதா என்ற அக்கேள்வி நம் அன்பருக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியதே.

அந்நோய்க்குத் தமிழ்நாட்டில் தோல் கழலை நோய் என்று பெயர். இங்கே சர்மமுழ என்பர். இதற்குக் காரணம் ஆட்டம்மைக்கு உறவான ஒரு வைரஸ் கிருமி. ஆகவே ஆச்சி ‘அம்மை’ என்று சொன்னது முற்றும் பிழையன்று. எனினும் இது மாட்டுக்கு வருவதே, மனிதருக்குத் தொற்றுவதில்லை. காய்ச்சிய பாலை அஞ்சாமல் அருந்தலாம். 1929ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில், இன்று ஜாம்பியா எனப்படும் நாட்டில், முதன்முதலாக இது கண்டறியப்பட்டது. பல்லாண்டுகள் அக்கண்டத்துக்குள்ளேயே இருந்தது. பிறகு எகிப்து வழியாக வெளியேறி மேற்கு ஆசியாவைக் கடந்து, 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒடிசாவில் தலைகாட்டியது. சில மாதங்களில் கேரளத்திலும் புகுந்தது. 2022ஆம் ஆண்டு ராஜஸ்தான், குஜராத் முதலிய மாநிலங்களில் பெருங்கொள்ளையாய்ப் பரவி, இந்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளை அழித்தது.

வேப்பிலை செருகிய வாயிலை அயலார் கடக்கவில்லை. அப்படியிருக்க, நோய் எப்படி வேலியைத் தாண்டியது? மாட்டைக் கடிக்கும் ஈயும் கொசுவும் உண்ணியுமே இந்நோயைச் சுமக்கின்றன. நோயுற்ற மாட்டின் கழலையில் வாய் வைத்த ஈ, அங்கே வயிறு நிறையாமல் விரட்டப்பட்டால், அடுத்த மாட்டின்மேல் சென்று அமர்கிறது. ஒருவருக்குக் குத்திய ஊசியைக் கழுவாமல் மற்றொருவருக்குக் குத்துவது போன்றதே இது. ஈயின் வாயில் ஒட்டிய கிருமி அடுத்த மாட்டின் குருதியில் இறங்குகிறது. உதிர்ந்த பொருக்கிலும் இக்கிருமி ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடிருக்கும்.

பூச்சி நோயைச் சுமக்கும் என்பதை உலகம் முதலில் அறிந்ததே மாட்டு நோய் ஒன்றால்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் தெற்கே டெக்சாஸ் நாட்டிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிச் செல்வது வழக்கம். ஓட்டிச் சென்ற மாடுகள் நலமாகவே இருக்கும். அவை கடந்து சென்ற புல்வெளியில் மேய்ந்த வடநாட்டு மாடுகளோ செந்நீர் பெய்து மடியும். உண்ணியே காரணம் என்று மாடு மேய்ப்போர் பல காலம் சொல்லிவந்தனர். கற்றோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்னும் இருவர் அச்சொல்லைத் தள்ளாமல் ஆராய்ந்தனர். உண்ணி நீக்கிய மாடுகளையும் நீக்காத மாடுகளையும் வெவ்வேறு நிலங்களில் விட்டுப் பார்த்தனர். உண்ணியின் வழியாகவே நோய் செல்கிறது என்று 1893ஆம் ஆண்டு மெய்ப்பித்தனர். ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது அதற்கு நான்காண்டு பின்னர், 1897இல்.

அந்த டெக்சாஸ் காய்ச்சல் நம் தொழுவங்களுக்கும் புதியதன்று. மாடு காப்பி நிறத்தில் மூத்திரம் பெய்தால் அதுவே முதல் அடையாளம். இதற்குப் பெயர் பபீசியா நோய். தைலேரியா என்பது மற்றொன்று. அதில் தோளின் முன்னே முடிச்சு வீங்கும். கண்ணின் உட்புறம் வெளுக்கும். இவையிரண்டையும் கொண்டுவருவது உண்ணியே. நாட்டு மாடுகள் இவற்றைப் பெரிதும் தாங்கும். கலப்பின மாடுகளே மிகுதியாக வருந்தும். கேரளத்தில் 1963ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து அரசின் உதவியுடன் மூணாறுக்கு அருகே மாட்டுப்பட்டியில் கலப்பினப் பெருக்கம் தொடங்கப்பட்டது. இன்று இங்கே தொழுவங்களில் நிற்பவை பெரும்பாலும் கலப்பினங்களே. பால் மிகுதியாகக் கிடைத்தது. அதனோடு உண்ணியைக் கண்டு அஞ்ச வேண்டிய கடமையும் வந்து சேர்ந்தது. காலத்தில் கண்டால் இவ்விரு நோய்களுக்கும் மருந்து உண்டு. காலம் தாழ்ந்தால் இல்லை.

ஊரில் கிடை ஆடு வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் நீலநாக்கு நோயை அறிவார்கள். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, கொசுவினும் சிறிய ஒரு பூச்சி கடித்து, செம்மறியாடுகளின் வாயும் உதடும் வீங்கும் நோய் அது. காட்டோரத்தில் மேய்ந்து வரும் மாட்டைக் குறித்தும் ஒரு சொல். 1957ஆம் ஆண்டு கர்நாடகத்தில் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணியால் மனிதருக்கு வருவது. அந்த உண்ணிகள் பெருகுவதற்குக் காட்டில் மேயும் மாடுகளும் இடமாகின்றன. பின்னாளில் அந்நோய் நம் வயநாட்டிலும் உயிர்களைக் கொண்டது.

வெயிலும் மழையும் மிகுந்த நம் நாட்டுக்கே உரிய துன்பம் இது என்று எண்ணற்க. உலகின் வடகோடியில், பின்லாந்து நாட்டில், ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும் நிலத்தில், ரெயின்டீர் என்னும் பனிமான்களை மந்தை மந்தையாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டு தொடங்கி அங்கே மான்களின் வயிற்றுக்குள் நூல் போன்ற புழுக்கள் மிகுந்து, மந்தைகள் மெலிந்தன. அப்புழுவின் குஞ்சுகளை மானுக்கு மான் கொண்டு சென்றது கொசு. கோடை வெப்பம் மிகுந்த ஆண்டில் புழுக்குஞ்சு கொசுவின் உடலில் விரைவில் வளர்கிறது. மறு ஆண்டில் நோய் மிகுகிறது என்று அந்நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். உலகம் வெம்மையுறுவதற்கேற்ப நோயும் வடக்கே நகர்கிறது. அம்மக்கள் கோடையில் பச்சை மரத்தை இட்டுப் புகை எழுப்புவார்கள். மான்கள் தாமாகவே வந்து அப்புகையில் நிற்கும். நம் பாட்டிமார் மாலை வேளையில் தொழுவத்தில் வேப்பிலையும் நொச்சியும் இட்டு மூட்டம் போட்டதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? பூச்சியால் கால்நடை படும் துன்பத்தை மேய்ப்பவன் எங்கும் அறிந்தே இருக்கிறான்.

ஆயினும் ஈயும் கொசுவும் தாமாகப் பறந்து செல்லும் தொலைவு சிறிது. வள்ளியூர் எங்கே, நேமம் எங்கே! ஆரல்வாய்மொழிக் கணவாயையும் களியக்காவிளை எல்லையையும் தாண்டி அந்த நோயைக் கொண்டுவந்தது ஈ அன்று, லாரி. அந்த லாரிக்குக் கூலி கொடுத்தவர்கள் நம்மவர்கள். வேலிக்கு அப்பால் அதனைச் செலுத்தியது ஈதான். ஆனால் வேலிக்கு அப்பாலிருந்தவர் தம்மைக் காத்துக்கொள்ள முடியாமல் செய்தது நம் மௌனம். சொல்லியிருந்தால் அந்த அம்மையார் தம் கன்றை உறவினர் வீட்டுக்கு மாற்றியிருப்பார். அல்லது மருத்துவரைக் கேட்டு ஆவன செய்திருப்பார். பிழைத்திருக்கும் என்று உறுதி கூற இயலாது. பிழைப்பதற்கு ஒரு வழி இருந்திருக்கும்.

இனி, மாடு வைத்திருக்கும் அன்பர்களுக்குச் சில கூறுவோம். ஊரிலிருந்து மாடு வரவழைப்பதாயின், அங்கேயே தடுப்பூசி போடச் செய்து, நான்கு வாரம் கழித்து ஏற்றச் சொல்க. ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடாது. உடம்பு அதனை ஏற்றுக்கொள்ள மூன்று வாரமேனும் ஆகும். இந்நோய்க்கு ஆட்டம்மைத் தடுப்பு மருந்தே முதலில் பயன்பட்டது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹிசாரிலுள்ள குதிரை ஆராய்ச்சி மையமும் இசத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, இதற்கென்றே ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கி அறிவித்தன. எந்த மாட்டுக்கு எப்போது போடலாம் என்பதையும், சினைப்பசு, இளங்கன்று ஆகியவற்றுக்கான முறையையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

வந்த மாட்டை உடனே மற்ற மாடுகளோடு கட்டற்க. நான்கு வாரம் தனியே கட்டுக. தண்ணீர்த் தொட்டியும் தனியே இருக்கட்டும். அதனைக் கறந்த கையைக் கழுவாமல் வேறு மாட்டின் மடியைத் தொடற்க. நாள்தோறும் காதின் உட்புறம், அலைதாடி, மடி, வாலின் அடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி அங்கேதான் ஒளியும். குருதி குடித்து விழுந்த ஒரு பெண் உண்ணி, சுவர் வெடிப்பில் புகுந்து இரண்டாயிரம், மூவாயிரம் முட்டையிடும். ஆதலின் மாட்டின்மேல் மட்டும் மருந்து தடவிப் பயனில்லை. சுவர் வெடிப்பையும் பூசியடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். உண்ணி மருந்து நஞ்சு. அளவு மீறினால் மாட்டுக்குக் கேடு. மருத்துவர் சொன்ன அளவிலேயே பயன்படுத்துக.

கடிக்கும் ஈ, சாணமும் மூத்திரமும் கலந்து அழுகிய வைக்கோலில் முட்டையிடுகிறது. முட்டை ஈயாக மாற இரண்டு மூன்று வாரம் போதும். வாரம் இருமுறையேனும் அந்தக் குப்பையை அள்ளிவிட்டால் அதன் குலம் பெருகாது. தென்னந்தோப்பில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் சிரட்டைகளில் தேங்கிய மழைநீர் கொசுவுக்குத் தொட்டில்; அவற்றைக் கவிழ்த்து வைப்பது சிறுவர்களும் செய்யத்தக்க பணி.

நோய் கண்டுவிட்டால் அருகிலுள்ள மிருகாசுபத்திரிக்கு உடனே சொல்லுக. நம் மாவட்டத்திலேயே பாலோட்டில் கால்நடை நோய்களை ஆராயும் நிலையமும், தடுப்பு மருந்து ஆக்கும் நிறுவனமும் இருக்கின்றன. ஆச்சிமார்களின் மருந்தையும் நாம் இகழவில்லை. வெற்றிலை பத்து, மிளகு பத்துக் கிராம், உப்புப் பத்துக் கிராம் ஆகியவற்றை அரைத்து வெல்லத்தோடு சேர்த்து நாவில் தடவும் முறையைத் தேசியப் பால்வள வாரியமே இந்நோய்க்குப் பரிந்துரைத்திருக்கிறது. குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள், பூண்டு முதலியவற்றைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிப் புண்ணுக்குப் பூசும் முறையும் அதில் உண்டு. ஆனால் இவை மாட்டின் துன்பத்தைத் தணிக்க உதவுவன. தடுப்பூசியின் இடத்தையும் மருத்துவரின் இடத்தையும் இவற்றுக்குக் கொடுத்தல் ஆகாது. மாடு இறந்தால் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். ஆற்றோரம் தள்ளுதல் பெரும்பாவம்.

எல்லாவற்றுக்கும் முன்னே செய்ய வேண்டியது, அடுத்த வீட்டுக்குச் சொல்லுவது. இதற்குப் பணம் வேண்டா, மருந்து வேண்டா. ஆயினும் இதுவே நமக்கு அரிதாக இருக்கிறது. அயல் மண்ணில் வாழ்வோர்க்கு ஓர் அச்சம் எப்போதும் உண்டு: ‘இவர்களால் வந்தது’ என்று ஊரார் சொல்லிவிடுவார்களோ என்பது. அந்த அச்சத்தால் மறைக்கிறோம். மறைத்ததன் பயனாகவே அந்தப் பழி மெய்யாகிவிடுகிறது. நோய் யாருடைய தொழுவத்துக்கும் வரும்; அதில் இழிவு இல்லை. அறிந்தும் சொல்லாமலிருப்பதே இழிவு. கண்டும் பேசாமல் காப்பி குடித்துத் திரும்பியவர்களுக்கும் அதில் பங்குண்டு என்பதை நாம் நம்மிடமே சொல்லிக்கொள்கிறோம்.

நம் அன்பர் பின்னர் அந்த அம்மையாரிடம் கிடாரியின் விலையைக் கொண்டுசென்றார். அவர் வாங்கவில்லை. நாட்கள் சென்றன. இரண்டு வீட்டாரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள்; முன்போல் என்று சொல்வதற்கில்லை. சென்ற மாதம் தமையனார் மற்றொரு பசு அனுப்புவதாக எழுதியபோது, அன்பர் முதலில் சென்றது அடுத்த வீட்டுக்கு. பசு என்று வருகிறது, ஊசி என்று போட்டார்கள், எங்கே கட்டப்போகிறோம் என்று எல்லாவற்றையும் சொன்னார். அம்மையார் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, தம் வேலிக்கு மிக அருகே கட்ட வேண்டா என்றும், தோட்டத்தின் மேற்கு மூலையில் இருக்கும் பழைய கொட்டகையைக் கழுவித் தருவதாகவும் கூறினார்.

அந்தக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்க வரும் ஞாயிற்றுக்கிழமை நாமும் போகிறோம்.